ஓடுகிற விஎம்மிலிருந்து மெமரியைக் கழற்ற முடியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஎம்முக்கு (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) மெமரி கூட்டுவது வீட்டில் ஆள் குடிவைப்பது மாதிரி. சாவியைக் கொடுத்தால் போதும், வந்து உட்கார்ந்துவிடுவார். காலி செய்யச் சொல்வதுதான் பெரும்பாடு. இந்தப் பக்கம் அந்தப் பெரும்பாட்டைப் பற்றியது. விஎம்மை ஓட்டும் கேவிஎம், கியூஎமு, அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் மூன்றும் ஓடும் லினக்ஸ் ஹோஸ்டை (விஎம்களைத் தாங்கும் மெஷின்) மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்; கெஸ்டும் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) பெரும்பாலும் லினக்ஸ்தான். எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டதும், ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வந்த ஃபோன்களும் சேர்ந்தவை இந்தக் கேள்விகள். கட்டளைகளின் முழு வடிவத்தை மேன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எதை எப்போது ஓட்டுவது, என்ன சொன்னால் என்ன அர்த்தம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மெமரியைக் கழற்றுவது என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூன்று வழிகள் உண்டு. மூன்றும் வேறு வேறு விதமாகப் பழுதாகும். உங்கள் விஎம்மில் எது ஓடுகிறது என்று தெரியாமல் தேட ஆரம்பித்தால் பாதி நாள் போய்விடும்.

முதலாவது டிம். நிஜ சர்வரில் ராம் குச்சியைச் செருகி எடுப்பதைப் போலவே ஏசிபிஐ (வன்பொருளும் ஓஎஸ்ஸும் பேசிக்கொள்ளும் நியமம்) வழியாக நடக்கும். ஒரு டிம் 2 ஜிபி என்றால் 2 ஜிபியும் ஒன்றாகத்தான் வரும், ஒன்றாகத்தான் போகும். கியூஎமுவில் செருகும் வசதி 2014-இல் வந்தது, கழற்றும் வசதி 2015-இல்.

இரண்டாவது பலூன். இதில் எதுவும் கழல்வதில்லை. கெஸ்டுக்குள் இருக்கும் ஒரு டிரைவர் மெமரியைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ‘இந்தப் பக்கங்களை யாரும் தொடமாட்டார்கள், எடுத்துக்கொள்’ என்று ஹோஸ்டிடம் சொல்லும். மூன்றில் மூத்தது இது. விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் பரவலாகத் தெரிய வந்தது.

மூன்றாவது விர்ட்டியோ-மெம். டேவிட் ஹில்டன்பிராண்ட் எழுதியது. 2020-இல் லினக்ஸ் 5.8, கியூஎமு 5.1 இரண்டிலும் வந்தது. லிப்விர்ட்டில் 2021 நவம்பரில், 7.9 பதிப்பில். டிம்மைப் போல முழுக் குச்சியாக இல்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொடுத்து வாங்கும்.

விஎம்மின் அமைப்பு எழுதியிருக்கும் எக்ஸ்எம்எல்லை டம்ப் செய்து பாருங்கள். மெமரி டிவைஸின் மாடல் என்ற இடத்தில் டிம் என்றோ விர்ட்டியோ-மெம் என்றோ இருக்கும். அப்படி எதுவுமே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது பலூன் மட்டும்தான்.

விர்ஷில் (லிப்விர்ட்டின் கட்டளைக் கருவி) டிடாச்-டிவைஸ் கொடுத்தேன். ‘டிவைஸ் வெற்றிகரமாகக் கழற்றப்பட்டது’ என்றது. மெமரி அப்படியே இருக்கிறதே?

அந்த வரியை அப்படியே நம்பாதீர்கள். கோரிக்கை அனுப்பப்பட்டது என்றுதான் அர்த்தம். உண்மையில் கழன்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு வரியை நம்பி ‘முடிஞ்சுது’ என்று டிக்கெட்டை மூடியவர்களை எண்ணினால் கை விரல் போதாது. நானும் அதில் ஒருவன்.

நடப்பது இதுதான். லிப்விர்ட் கியூஎமுவிடம் சொல்லும். கியூஎமு ஏசிபிஐ வழியாக கெஸ்டின் கதவைத் தட்டும். கெஸ்டின் கெர்னல் அந்த டிம்மில் இருப்பதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றப் பார்க்கும். முடிந்தால் சரி என்று பதில் அனுப்பும், அதற்கப்புறம்தான் கியூஎமு அந்த டிம்மை நீக்கும். லிப்விர்ட் இதற்காக சுமார் 5 நொடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டாலும் ‘வெற்றி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். 2 ஜிபி நிறையத் தரவு இருந்தால் 5 நொடி போதாமலும் போகலாம். அது தோல்வி இல்லை, தாமதம்தான்.

ஆகவே இன்னொரு டெர்மினலில் விர்ஷ் ஈவென்ட் கட்டளையை ஓடவிட்டு, பிறகு டிடாச் கொடுங்கள். டிவைஸ்-ரிமூவ்டு என்று வந்தால் கழன்றது. டிவைஸ்-ரிமூவல்-ஃபெயில்டு என்று வந்தால் கெஸ்ட் மறுத்துவிட்டது. இரண்டும் வராமல் சும்மா இருந்தால், கெஸ்டுக்குச் செய்தி போய்ச் சேரவேயில்லை, அல்லது அது இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. உள்ளே போய் டிமெசேஜ் (கெர்னலின் பதிவுகள்) பாருங்கள்.

கெஸ்டுக்குள் எங்கே பார்ப்பது? எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் வேலையில் முக்கால்வாசி இங்கேதான்.

லினக்ஸ் கெர்னல் மெமரியை பிளாக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும். சாதாரண எக்ஸ்86 விஎம்மில் ஒரு பிளாக் 128 எம்பி. (பெரிய மெஷினில் 2 ஜிபி வரை போகும். சிஸ் அடைவில் டிவைசஸ், சிஸ்டம், மெமரி என்று இறங்கினால் பிளாக் அளவு ஒரு கோப்பில் இருக்கும். அது ஹெக்ஸில் எழுதியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.) அதே அடைவில் ஒவ்வொரு பிளாக்குக்கும் மெமரி0, மெமரி1 என்று ஓர் அடைவு.

என் சோதனை விஎம்மைச் சொல்கிறேன். கியூ35 (கியூஎமுவின் ஒரு மெஷின் வகை), தொடக்க மெமரி 4 ஜிபி. அதில் 2 ஜிபி டிம் ஒன்றைச் செருகினேன். எக்ஸ்எம்எல்லில் அந்த டிம்மின் அட்ரஸ் வரியில் பேஸ் என்று ஓர் எண் இருக்கும்; இங்கே அது 6 ஜிபி. 4 ஜிபிதானே கொடுத்தோம், 6 எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். 4 ஜிபி எல்லைக்குக் கீழே பிசிஐ கருவிகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், ராமில் பாதி அந்த எல்லைக்கு மேலே தள்ளப்பட்டிருக்கிறது. சரி, 6 ஜிபியை 128 எம்பியால் வகுத்தால் 48. 2 ஜிபியில் 16 பிளாக்குகள். ஆக, இந்த டிம் என்பது மெமரி48 முதல் மெமரி63 வரை. இந்தப் பதினாறில் ஒன்று அடம்பிடித்தாலும் டிம் முழுவதும் கழலாது.

இப்போது எல்எஸ்மெம் கட்டளையை ஸோன்ஸ் பத்தியும் (ஸோன் என்பது கெர்னல் மெமரியைப் பிரிக்கும் வகை) சேர்த்து ஓட்டுங்கள். 48 முதல் 63 வரை மூவபிள் என்று இருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. நார்மல் என்று இருந்தால் பிரச்சினை எங்கே என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

பிறகு ஹோஸ்டிலிருந்து டிடாச் கொடுப்பதற்கு முன்னாலேயே, கெஸ்டுக்குள் ஒவ்வொரு பிளாக்காக ஸ்டேட் கோப்பில் ஆஃப்லைன் என்று எழுதிப் பாருங்கள். நான் எப்போதும் கடைசியிலிருந்து ஆரம்பிப்பேன்: 63, 62, 61. நன்றாகப் போகிற ஒவ்வொன்றுக்கும் பழைய கெர்னல்களில் டிமெசேஜில் 32768 பக்கங்கள் ஆஃப்லைன் என்கிற பொருளில் ஒரு வரி வரும். 4 கேபி பக்கங்கள் 32768 சேர்ந்தால் 128 எம்பி, கணக்குச் சரி. எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆள். பதினாறும் ஆஃப்லைன் ஆகிவிட்டால், அப்புறம் ஹோஸ்டில் கொடுக்கும் டிடாச் கண் இமைக்கிற நேரத்தில் முடியும்.

‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று வருகிறது. என்ன பிஸி?

அந்த பிளாக்கில் நகர்த்த முடியாத பக்கம் ஒன்றாவது இருக்கிறது என்று அர்த்தம். புரோகிராம்களின் சாதாரண மெமரியும் ஃபைல் கேஷும் நகரும். கெர்னல் அவற்றை வேறு இடத்தில் நகலெடுத்து, பேஜ் டேபிளைத் திருத்திவிடும். கெர்னல் தனக்காக எடுத்தவை பெரும்பாலும் நகராது. ஸ்லாப் (கெர்னல் தன் சின்னச் சின்னப் பொருள்களுக்கு ஒதுக்கும் மெமரி), கெர்னல் ஸ்டாக், பேஜ் டேபிள் இவையெல்லாம் அந்த வகை. கோப்புப் பெயர்களையும் ஐநோடுகளையும் (கோப்புகளின் விவரக் குறிப்புகள்) நினைவில் வைத்திருக்கும் கேஷும் ஸ்லாபில்தான் இருக்கிறது. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள மெயில் சர்வர், பேக்கப் சர்வர் மாதிரியான இடங்களில் இது எல்லா பிளாக்கிலும் கடுகு சிதறின மாதிரி பரவிக் கிடக்கும்.

டிமெசேஜைப் பார்த்தால் காரணம் எழுதியிருக்கும். ‘அன்மூவபிள் பேஜ்’ என்றால் மேலே சொன்ன கதை. அந்த பிளாக்கை மறப்பது நல்லது. ‘மைக்ரேஷன் ஃபெயிலியர்’ என்றால் பக்கம் நகரக்கூடியதுதான், ஆனால் அந்த நேரத்தில் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். டிஸ்க் வேலை மும்முரமாக இருக்கும்போது இது சகஜம். கொஞ்சம் கழித்துத் திரும்பச் செய்தால் பல சமயம் போய்விடும்.

இதெல்லாம் இல்லாமல் போதிய இடமே இல்லாத நிலையும் உண்டு. 6 ஜிபி மெஷினில் 5 ஜிபி உபயோகத்தில் இருக்கும்போது 2 ஜிபியை எடு என்றால், அந்தச் சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? முதலில் ஃப்ரீ கட்டளையில் அவைலபிள் பத்தியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதைப் பார்க்காமலே ஒரு மணி நேரம் கெர்னலைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ரிமூவபிள் கோப்பில் 1 என்று இருக்கிறது. பிறகு ஏன் கழலவில்லை?

அதை நம்பாதீர்கள். முன்பு அது ஓரளவு கணிப்பு சொல்லும். இப்போதைய கெர்னல்களில், மெமரியை நீக்கும் வசதி கெர்னலில் இருக்கிறது என்றாலே எல்லா பிளாக்குக்கும் 1 என்றுதான் காட்டும். எல்எஸ்மெம்மில் வரும் ரிமூவபிள் பத்தியும் அதே கோப்பைத்தான் படிக்கிறது. பழைய வழிகாட்டிகள் இன்னும் இதைப் பார்க்கச் சொல்கின்றன.

ஆஃப்லைன் எழுதினேன். பிராம்ட் திரும்ப வரவேயில்லை. தொங்கிவிட்டதா?

தொங்கவில்லை, விடாமல் முயல்கிறது. நகரக்கூடிய பக்கம்தான் என்று கெர்னல் நினைத்தால், நகரும்வரை சுற்றிச் சுற்றி வரும். கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தலாம். பாதியில் விட்டதால் எதுவும் கெட்டுப்போகாது, அந்த பிளாக் பழையபடி ஆன்லைனில் இருக்கும். ஸ்கிரிப்டில் எழுதுகிறவர்கள் டைம்அவுட் கட்டளைக்குள் வைத்து, 30 நொடி என்று ஒரு வரம்பு கொடுத்துவிடுங்கள். கெர்னல் ஆவணமே இதைத்தான் சொல்கிறது.

சரி, கழலுகிற மாதிரி எப்படிச் செருகுவது?

எல்லோரும் கழற்றும் நாளில் கேட்கிற கேள்வி இது. கேட்க வேண்டியது செருகும் நாளில்.

புதிய பிளாக்கை ஆன்லைன் செய்யும்போது ஸ்டேட் கோப்பில் வெறும் ஆன்லைன் என்று எழுதினால், அது நார்மல் ஸோனில் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஆன்லைன்_மூவபிள் என்று எழுதினால் மூவபிள் ஸோனுக்குப் போகும். அங்கே கெர்னல் தன் நகராத சாமான்களை வைக்காது. கழற்றுவது நடக்குமா நடக்காதா என்பது இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே வேறு யாராவது எழுதிவிடுவார்கள். கெர்னலின் ஆட்டோ ஆன்லைன் அமைப்பு ஆன்லைன் என்று இருந்தால் கெர்னலே செய்துவிடும். ரெட்ஹாட் குடும்பத்தில் யுடெவ் என்னும் கருவி மேலாளரின் விதி ஒன்று இதைச் செய்துவிடும். ஆகவே கெஸ்டின் கெர்னல் வரியில் மெம்ஹெச்பி டீஃபால்ட் ஸ்டேட் என்பதை ஆன்லைன்_மூவபிள் என்று வைத்து ஒருமுறை பூட் செய்துகொள்ளுங்கள். யுடெவ் விதி இருந்தால் அதையும் பாருங்கள். டெம்ப்ளேட் இமேஜிலேயே இதைப் போட்டுவிட்டால் பிற்பாடு நிம்மதி.

ஏற்கெனவே நார்மலில் ஏறிவிட்ட பிளாக்கை மூவபிளுக்கு மாற்ற, முதலில் அதை ஆஃப்லைன் செய்தாக வேண்டும். அது முடிந்திருந்தால் நீங்கள் இந்தப் பக்கத்துக்கே வந்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் மூவபிளாகவே போட்டுவிடலாமே?

போட்டால் வேறு வகையில் மாட்டிக்கொள்வீர்கள். கெர்னலுக்கும் இருக்க இடம் வேண்டும். அது மூவபிள் ஸோனைத் தொடாது. அதனால் ஃப்ரீ கட்டளையில் பத்து ஜிபி காலியாகத் தெரியும், ஆனால் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் புரோகிராம்களை நிறுத்தும் கெர்னல் பகுதி) வந்து புரோகிராம்களைக் கொன்றுகொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கும்போது பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

ஒரு கணக்கு. கெர்னல் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் கணக்குப் புத்தகம் எழுதி வைக்கும். 1 ஜிபிக்கு 16 எம்பி ஆகிறது. 2 ஜிபியில் பூட் ஆன விஎம்மில் 64 ஜிபியை மூவபிளாகச் செருகினால் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் 1 ஜிபி. வழக்கமான அமைப்பில் அது அந்த 2 ஜிபியிலிருந்துதான் போகும். பாதி வீடு கணக்கு நோட்டுக்கே போய்விட்டால் குடும்பம் எங்கே படுப்பது?

மூவபிள் மூன்று அல்லது நான்கு பங்கு, மற்றது ஒரு பங்கு என்பது வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை என்று கெர்னல் ஆவணம் சொல்கிறது. நான் மூன்றைத் தாண்டுவதில்லை. 5.15 முதல் ஆட்டோ-மூவபிள் என்ற கொள்கை இருக்கிறது. இந்த விகிதத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். புதிய கெஸ்ட் என்றால் அதையே வையுங்கள்.

விஎம் பூட் ஆகும்போதே கொடுத்த மெமரியைக் கழற்ற முடியுமா?

டிம்மாக முடியாது. தொடக்க மெமரி தாய்ப்பலகையில் ஒட்டின மாதிரி. 16 ஜிபியில் பூட் செய்துவிட்டு ‘8 போதும், மீதியைக் கழற்று’ என்றால் பலூன் ஒன்றுதான் கதி. பிற்பாடு குறைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்த விஎம்மை 4 ஜிபியில் தொடங்கி, மீதி 12-ஐ டிம்மாகவோ விர்ட்டியோ-மெம்மாகவோ கொடுங்கள். இதற்கு எக்ஸ்எம்எல்லில் மேக்ஸ்மெமரியும் ஸ்லாட் எண்ணிக்கையும் கெஸ்டுக்கு ஒரு நூமா நோடும் (சிபியுவையும் மெமரியையும் சேர்த்த ஒரு பிரிவு) வேண்டும்.

கேஷை டிராப் செய்தால் கழலும் என்கிறார்களே?

சில சமயம். டிராப்_கேஷஸில் 3 எழுதினால் ஐநோடு, கோப்புப் பெயர் கேஷ் குறையும். அவை அடைத்துக்கொண்டிருந்த பிளாக் விடுபடலாம். ஆனால் ஒரே ஒரு ஸ்லாப் பக்கம் மிஞ்சினாலும் பிளாக் போகாது. பகல் நேரத்தில் ஓடுகிற டேட்டாபேஸ் சர்வரில் இதைச் செய்தால், கேஷ் காலியாகி டிஸ்க் அலறும். ராத்திரி செய்யுங்கள்.

கெஸ்டுக்குள் ஹியூஜ்பேஜ் (4 கேபிக்குப் பதிலாகப் பெரிய பக்கம்) பயன்படுத்துகிறோம். அது தடுக்குமா?

2 எம்பி ஹியூஜ்பேஜ் நகரும். ஆனால் நகர்ந்து போய் உட்கார வேறிடத்தில் இன்னொரு 2 எம்பி பக்கம் வேண்டும். முதலில் ஹியூஜ்பேஜ் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். 1 ஜிபி ஹியூஜ்பேஜ் என்றால் அந்த பிளாக்கில் கை வைக்கவே வேண்டாம்.

விர்ஷ் செட்மெம் கொடுத்தேன், பிழை எதுவும் இல்லை. ஆனால் மெமரி குறையவில்லை.

இது பலூன். செட்மெம் ஓர் இலக்கை எழுதி வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். அதை நிறைவேற்றுவது கெஸ்டில் உள்ள பலூன் டிரைவர். கெஸ்டில் அந்த மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஹோஸ்டில் டாம்மெம்ஸ்டாட் ஓட்டுங்கள். ஆக்சுவல் என்ற எண் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் வேலை நடக்கிறது. பாதியில் நின்றால் கெஸ்டில் கொடுக்க இல்லை. அசையவே இல்லையென்றால் டிரைவர் இல்லை.

ஆக்சுவல் குறைந்தும் ஆர்எஸ்எஸ் (ஹோஸ்டில் விஎம் உண்மையில் பிடித்திருக்கும் மெமரி) குறையாவிட்டால் ஹோஸ்ட் பக்கம் காரணம் இருக்கும். விஎம்முக்கு விஎஃப்ஐஓ வழியாகப் பிசிஐ கருவி எதையாவது நேரடியாகக் கொடுத்திருந்தால், கியூஎமு அதன் மெமரி முழுவதையும் ஆணி அடித்து வைத்திருக்கும். பலூனில் வந்ததை ஹோஸ்டுக்குத் திருப்பிக் கொடுக்காது. விஎம் மெமரி லாக்டு என்று அமைத்திருந்தாலும் அப்படித்தான். ஹோஸ்டில் ஹியூஜ்பேஜை வைத்து விஎம் ஓட்டினால் பலூனை நம்பவே வேண்டாம். பலூன் 4 கேபியாகச் சேர்க்கும், 2 எம்பி முழுசாகச் சேர்ந்தால்தான் ஹோஸ்டுக்கு ஏதாவது கிடைக்கும்.

செட்மெம் கொடுத்ததும் கெஸ்ட் செத்துவிட்டது!

என்ன எண் கொடுத்தீர்கள்?

இதை நானே அனுபவித்ததால் கேட்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். 4 ஜிபி விஎம்மை 2 ஜிபியாகக் குறைக்க வேண்டும். செட்மெம், விஎம் பெயர், 2048 என்று அடித்து எண்டர் தட்டினேன். சில நொடியில் எஸ்எஸ்ஹெச் உறைந்தது. கன்சோலைத் திறந்தால் ஓஓஎம் கில்லர் வரிசையாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் போனது டேட்டாபேஸ். செட்மெம்மில் அலகு எதுவும் போடாவிட்டால் அது கேபி. 2048 கேபி என்றால் 2 எம்பி. நான் ஒரு முழு லினக்ஸ் சர்வரை 2 எம்பியில் குடியிருக்கச் சொல்லியிருக்கிறேன். பலூனும் சொன்ன சொல்லைத் தட்டாமல் ஊதிக்கொண்டே போயிருக்கிறது. திரும்ப 4ஜி என்று கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்று வீட்டுக்குப் போக மணி பத்து.

அன்றிலிருந்து எண்ணுக்குப் பின்னால் ஜி என்றோ எம் என்றோ போடாமல் நான் எண்டர் தட்டுவதில்லை. எக்ஸ்எம்எல்லில் பலூனுக்கு ஆட்டோ-டிஃப்ளேட் என்ற அமைப்பு உண்டு. கெஸ்டில் மெமரி தீர்ந்து உயிர் போகிற நிலை வந்தால் பலூன் தானே காற்றைத் திறந்துவிடும். இயல்பில் அணைந்திருக்கும். ஆளைக் காப்பாற்றும், ஆனால் ஹோஸ்டுக்குக் கொடுத்த வாக்கை மீறும். இரண்டில் எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று. கெஸ்ட் ரீபூட் ஆகும்போது, பலூன் டிரைவர் ஏறும்வரை முழு மெமரியும் அதன் கையில்தான். ஹோஸ்டில் இடத்தை விளிம்புவரை ஒதுக்கி வைத்திருந்தால், மின்சாரம் போய்வந்து எல்லா விஎம்மும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும் நாளில் இது தெரியவரும்.

விர்ட்டியோ-மெம்மில் 8 ஜிபியிலிருந்து 2 ஜிபிக்கு இறக்கச் சொன்னேன். 2.6-இல் நின்றுவிட்டது. பழுதா?

பழுதில்லை. அங்கே இரண்டு எண்கள் உண்டு: நீங்கள் கேட்டது ரிக்வெஸ்டட், இப்போது இருப்பது கரண்ட். டிரைவர் கொடுக்க முடிந்த துண்டுகளையெல்லாம் கொடுத்துவிட்டு, நகராத பக்கம் உள்ள துண்டுகளோடு நிற்கிறது. விட்டு விட்டுத் திரும்பவும் முயலும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 2.3 ஆகியிருக்கலாம்.

இதே நிலையில் டிம் என்றால் ஒன்றும் கிடைத்திருக்காது; இங்கே 5.4 ஜிபி கையில் வந்துவிட்டது. இதனால்தான் புதிதாக அமைக்கிறவர்களுக்கு, கெஸ்ட் கெர்னல் போதுமான அளவு புதிதாக இருந்தால், விர்ட்டியோ-மெம்மைத்தான் சொல்கிறேன். விஎஃப்ஐஓ உள்ள விஎம்மிலும் இப்போதைய கியூஎமுவில் வேலை செய்கிறது. கரண்ட் கொஞ்சமும் அசையாவிட்டால் மட்டும் கெஸ்டில் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிம் கழன்றுவிட்டது, கெஸ்டிலும் குறைந்துவிட்டது. ஹோஸ்டில் காலி மெமரி கூடவில்லையே?

விஎம்மின் மெமரி ஹோஸ்டில் ஹியூஜ்பேஜாக இருந்ததா? அப்படியானால் அது ஹியூஜ்பேஜ் தொட்டிக்குத்தான் திரும்பும். ஃப்ரீ கட்டளையில் தெரியாது. மெமின்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ்_ஃப்ரீ கூடியிருக்கும். ஹோஸ்டின் மற்ற வேலைக்கு வேண்டுமென்றால் தொட்டியின் அளவைக் குறைக்க வேண்டும். ஹியூஜ்பேஜ் இல்லையென்றால் இன்னொன்று யோசியுங்கள்: கெஸ்ட் அந்த டிம்மை அதுவரை தொடவே இல்லை என்றால், ஹோஸ்ட் அதற்கு நிஜ மெமரி கொடுத்திருக்கவே மாட்டாது. வாங்காத கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான்.

விண்டோஸ் கெஸ்டில்?

டிம் செருகலாம், கழற்ற முடியாது. பெரும்பாலும் பலூன்தான் வழி, விர்ட்டியோ டிரைவர் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும். பலூன் ஊதினால் டாஸ்க் மேனேஜரில் மொத்த மெமரி குறையாது, உபயோகம் கூடினதாகத் தெரியும். ‘சர்வரில் மெமரி லீக்’ என்று புகார் வரும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விஎம்வேர், ஹைப்பர்-வி, ஸென்?

விஎம்வேரில் ஓடும்போது கூட்டலாம், குறைக்க முடியாது, அணைத்துவிட்டுத்தான். அதன் பலூன் ஹோஸ்டின் உள்வேலை. ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2016 முதல், டைனமிக் மெமரி இல்லாத விஎம்மிலும் ஓடும்போதே எண்ணைக் குறைக்கலாம். ஸென்னில் எக்ஸ்எல் மெம்-செட், அதுவும் பலூன்தான்.

டேட்டாபேஸும் ஜாவாவும் ஓடும் விஎம்மில் கழற்றலாமா?

கெர்னல் சம்மதிக்கும், புரோகிராமுக்குத் தெரியாது, அதுதான் தொல்லை. ஜாவா தொடங்கும்போது மெஷினில் எவ்வளவு மெமரி என்று பார்த்து ஹீப் வரம்பை முடிவு செய்யும். அப்புறம் குறைந்தாலும் பழைய வரம்பிலேயே நடக்கும். போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ் அளவு ரீஸ்டார்ட் செய்யாமல் மாறாது. முதலில் புரோகிராமின் அளவைக் குறையுங்கள், அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு மெமரியை எடுங்கள். வரிசையை மாற்றினால் ஸ்வாப்பில் போய் விழுவீர்கள். அதற்கு ரீஸ்டார்ட்டே மேல்.

எல்லாம் பார்த்தாயிற்று, இரண்டு பிளாக் மட்டும் அசையவில்லை. என்ன செய்ய?

உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹோஸ்டுக்கு இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் கழற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. பலூன் கருவியில் ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங் என்று ஒரு வசதி, கெர்னல் 5.7, கியூஎமு 5.1 முதல் இருக்கிறது. கெஸ்ட் தன்னிடம் காலியாகக் கிடக்கும் பக்கங்களை அவ்வப்போது தானாகவே ஹோஸ்டுக்குச் சொல்லும், ஹோஸ்ட் எடுத்துக்கொள்ளும், கெஸ்டுக்குத் திரும்ப வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளரின் பில்லில் எண் குறைய வேண்டும் என்றால் அது வேறு. கான்ஃபிக் என்ற தேர்வோடு டிடாச் கொடுத்து, அடுத்த பராமரிப்பு நேரத்தில் விஎம்மை முழுக்க அணைத்து ஏற்றுங்கள். கெஸ்டுக்குள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் போதாது, கியூஎமு புராசஸ் அதேதான் ஓடிக்கொண்டிருக்கும். ஷட்டவுன், பிறகு ஸ்டார்ட். திரும்ப ஏற்றுவதற்கு முன் கெர்னல் வரியில் அந்த ஆன்லைன்_மூவபிளையும் சேர்த்துவிடுங்கள்.